வர மாட்டாங்க, எழுதி வெச்சுக்கோ

— ஏண்டா ஸ்லாவா, வாழ்த்துச் சொன்னா வாங்கிக்கக்கூடத் தெரியாதா உனக்கு? வருஷா வருஷம் பிப்ரவரி இருபத்திமூணுக்குக் கூப்பிட்டுச் சொல்றேன். பட்டாள நாள்டா!

— எந்தப் பட்டாளம், நெல்யா அக்கா? நாம சேர்ந்து அதைக் கொண்டாடின சோவியத் நாடே போய் முப்பது வருஷம் ஆச்சு. இங்க உக்ரைன்ல, கார்கிவ்ல, இன்னிக்கு வெறும் புதன்கிழமை. முன்னெல்லாம் இந்த நாள்ல ஸ்கூல்ல பொண்ணுங்க பரிசுன்னு என் மேஜைமேல சாக்ஸ் வெச்சுட்டுப் போகும். இப்ப சரித்திர வாத்தியார் காலுல ஓட்டை சாக்ஸ்தான்.

— இங்க ரஷ்யாவுல, பெல்கோரோத்ல, லீவு. கடை பூரா சிப்பாய்ங்க. நூடுல்ஸும் சாக்லேட்டும் அள்ளிட்டுப் போறானுங்க. அதை விடு. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. வருவாங்களா, மாட்டாங்களா?

— யாரு?

— நடிக்காதடா. எங்க ஆளுங்கதான். உங்க ஊருக்குள்ள.

— வர மாட்டாங்க. எழுதி வெச்சுக்கோ.

— நீ சொல்லி நான் எழுதி வெச்சதை எல்லாம் சேர்த்தா ஒரு நோட்டு தேறும். தொண்ணூத்தியொண்ணுல என்ன சொன்னே? சோவியத் யூனியன் இன்னும் நூறு வருஷம் நிக்கும்னே.

— அதைப் பரீட்சையில கேள்வியா வேற வெச்சேன். 'உடையலாம்'னு எழுதின ஒரே ஒரு பையனை ஃபெயில் போட்டேன். டிசம்பர்ல நாடு உடைஞ்சதும் அவன் தெருவுல எதிர்ல வந்தான். நான் ரொட்டிக் கடைக்குள்ள நுழைஞ்சு, ரொட்டி தீர்ற வரைக்கும் வெளிய வரலை.

— அப்புறம் ரெண்டாயிரத்துப் பதினாலு?

— வேண்டாம்க்கா.

— 'கிரீமியாவைத் தொட மாட்டாங்க, எழுதி வெச்சுக்கோ.' அந்த வாரமே ஆகஸ்ட் மாசத்துக்குக் கிரீமியாவுல கடலோரமா ரூம் பிடிச்சே நீ.

— ஜன்னலைத் திறந்தா கடல் தெரியும்னாங்க. இன்னிக்கும் தெரியுதுபோல. பாக்கறதுதான் உங்க ஆளுங்க.

— இந்த லட்சணத்துல ரேடியோவுல வாரா வாரம் உன்னை உக்கார வெச்சுக் கருத்துக் கேக்கறானுங்களே, அதான் எனக்கு ஆச்சரியம்.

— அதுக்கும் காரணம் இருக்கு. போன வாரம் ரேடியோவுல 'பயப்பட ஒண்ணுமில்லை'ன்னு அடிச்சுச் சொல்லிட்டு வீடு திரும்பினேன். எங்க கட்டடத்துல நாலு குடும்பம் மூட்டை கட்டிக் காருல ஏத்திட்டு இருந்துச்சு. மூணாம் மாடிக்காரர் கையைப் பிடிச்சுக் குலுக்கி, 'நீங்க சொன்னதைக் கேட்டதுக்கப்புறம்தான் தெளிவு வந்துச்சு'ன்னாரு.

— அந்த மனுஷனுக்கு மூளை இருக்கு. ஸ்லாவா, நான் விளையாட்டுக்குக் கேக்கலைடா. தீமா கேக்கச் சொன்னான்.

— தீமாவா? எங்க இருக்கான் அவன்?

— எல்லைக்கு இந்தப் பக்கம், காட்டுல. மூணு வாரமாக் கூடாரம். வெறும் பயிற்சின்னு சொல்லி வெச்சிருக்காங்க. என் பிள்ளைக்கு அது நம்பவும் முடியலை, நம்பாம இருக்கவும் முடியலை. 'மாமா ஆயிரம் புஸ்தகம் படிச்சவரு, அவரு என்ன நினைக்கிறாருன்னு கேளு'ன்னான்.

— பாவம்க்கா அவன். டாங்க் ஓட்டற பையனுக்கு யோசனை கேக்க வேற ஆள் கிடைக்கலையா?

— நீ சொல்லு.

— சரி, பாடமாவே சொல்றேன். மொதல்ல சேறு. பனி உருகற நேரம் இது. நம்ம கருப்பு மண்ணுல டாங்க் இறங்கிச்சுன்னா எடுக்க இன்னொரு டாங்க் வேணும், அதை எடுக்க இன்னொண்ணு. ரெண்டாவது, ஒன்றரை லட்சம் பேரை வெச்சுக்கிட்டு இவ்வளவு பெரிய நாட்டை எப்படிப் பிடிக்க முடியும்? சாலையோரம் வரிசையா நிக்க வெச்சாலே ஆள் போதாது. மூணாவது, அவங்க தளபதிங்கள்ல பாதிப் பேருக்கு மாமியார் வீடு இங்கதான். எவனும் மாமியார்மேல குண்டு போட்டுட்டு வீட்டுக்குப் போக மாட்டான்.

— அப்புறம் எதுக்கு இவ்வளவு பேரைக் கொண்டாந்து நிறுத்தணும்?

— மிரட்டத்தான். பஸ்ஸுல முஷ்டியை மடக்கிக் காட்டி ஜன்னல் சீட்டு வாங்கற ஆள் இருப்பான் பாரு, அந்த மாதிரி. சீட்டு கிடைச்சா உக்காந்துடுவான்.

— கிடைக்கலைன்னா?

— அது... வரலாற்றுல பார்த்தா...

— வரலாற்றைப் பத்தி என்கிட்ட அளக்காதே. நம்ம கொள்ளுத்தாத்தா தையல்காரர். அப்பா சொல்லுவாரே, உள்நாட்டுச் சண்டையில ஊரு யார் யார் கைக்கோ மாறி மாறிப் போச்சுன்னு. ஒவ்வொருத்தன் வந்தப்பவும் அவர் ஒரு கொடி தைச்சாரு. கம்யூனிஸ்டுக்குச் சிவப்பு, ஜார் ஆளுங்களுக்கு வெள்ளை, உக்ரைன்காரனுக்கு மஞ்சள்-நீலம், ஜெர்மன்காரனுக்கு ஒண்ணு, மறுபடி சிவப்பு.

— ஒரே துணிதான்னு கேள்வி. சாயத்தை மாத்தி மாத்திப் போட்டிருக்காரு. நம்ம குடும்பத்துல நிலவரம் சரியாக் கணிச்ச ஒரே ஆள் அவருதான்.

— அவ்வளவு கணிச்சவரை முப்பத்தேழாம் வருஷம் வீட்டுலேருந்து கூட்டிட்டுப் போனது யாரு? வெள்ளைப் படையா? ஜெர்மன்காரனா?

— நம்ம ஆளுங்க.

— நம்ம ஆளுங்க. 'ஒரு கையெழுத்துதான், சாயங்காலம் வந்துடுவாரு'ன்னு சொன்னாங்களாம் நம்ம சோவியத் போலீஸ்காரங்க. வரவேயில்லை. அன்னிக்கும் அக்கம்பக்கத்துல யாரோ ஒரு வாத்தியார் 'ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லியிருப்பான்.

— ரொம்பக் குத்தறே அக்கா.

— தான்யா எங்கடா? கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறா.

— பொல்தாவாவுல இருக்கா, மக வீட்டுல. வெள்ளிக்கிழமை ரயில் ஏத்திவிட்டேன். பேரனுக்குப் பல்லு முளைக்குது.

— பேரனுக்குப் பல்லு முளைக்கறதுக்குப் பூனையையும் தூக்கிட்டுப் போவாளா உன் பொண்டாட்டி?

— அது... பூனைக்கும் மாத்தம் வேணும்ல.

— வர மாட்டாங்கன்னு ஊருக்கே சொல்றே. சொந்தப் பொண்டாட்டியை வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டே!

— நான் என்ன பண்ணட்டும்? எனக்கே என்மேல நம்பிக்கை இல்லை.

— நீயும் போடா. இன்னிக்கே கிளம்பு. எனக்குன்னு இருக்கற தம்பி நீ ஒருத்தன். அங்க தனியா உக்காந்து என்ன சாதிக்கப் போறே?

— அடுத்தவர் வாங்க! பெயர் சொல்லுங்க.

— ஒரு நிமிஷம்மா... வியாசெஸ்லாவ் தெரேஷ்கோ. பள்ளிக்கூட ஆசிரியர்.

— ஸ்லாவா? யாரு அந்தப் பொண்ணு? எங்க இருக்கே நீ?

— வயசு?

— ஐம்பத்தெட்டு. அக்கா, கொஞ்சம் இரு, வெச்சுடாதே.

— தெரேஷ்கோவா? ரேடியோவுல வர மாட்டாங்கன்னு சொன்னவரு நீங்கதானே?

— ஆமாம்மா. சத்தமாச் சொல்லாதீங்க, பின்னாடி நிறைய பேர் நிக்கறாங்க.

— நீங்களே வரிசையில வந்து நிக்கறீங்கன்னா... சரி. பட்டாளத்துல இருந்திருக்கீங்களா?

— ரெண்டு வருஷம். உருளைக்கிழங்கு தோல் சீவினேன். துப்பாக்கியை ஒரு தடவை துடைச்சிருக்கேன்.

— பரவாயில்லை, முன்னாடி வந்தவர் பியானோ வாத்தியார். ரஷ்யாவுல சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?

— ஒரு அக்கா இருக்கா. இப்ப லைன்லதான் இருக்கா.

— வணக்கம் சொன்னேன்னு சொல்லுங்க. இங்க ஒரு கையெழுத்து, கீழ ஒண்ணு. அந்த பெஞ்சுல உக்காருங்க, கூப்பிடறோம்.

— ஸ்லாவா! பாவிப்பயலே! எதுல கையெழுத்துப் போடறே?

— கத்தாதே. ஊர்க்காவல் படைக்கு ஆள் எடுக்கறாங்க. எங்க ஸ்கூல் ஜிம்லதான். காலையிலேருந்து இந்த வரிசையிலதான் நிக்கறேன்.

— உனக்கு முட்டி மடங்காதுடா! மாடி ஏறினா மூச்சு வாங்கும் உனக்கு!

— தெரியும். எனக்குப் போடற சைஸுல சட்டைகூட இல்லையாம். ஆனா முப்பது வருஷமாப் பிள்ளைங்களுக்கு 'ஊரைக் காப்பாத்தினாங்க'ன்னு யாரு யாரைப் பத்தியோ பாடம் நடத்தியிருக்கேன். இன்னிக்கு என் வகுப்புல படிச்ச பசங்க இங்க வரிசையில நிக்கறானுங்க. நான் பொல்தாவா போய்ப் பேரனுக்குப் பல்லு முளைக்கறதைப் பாத்துட்டு இருக்கணுமா?

— ஐயோ... அந்தப் பக்கம் என் பிள்ளைடா. இந்தப் பக்கம் நீ போய் நின்னா, நான் யாருக்குன்னு வேண்டிக்கறது...

— அழாதே அக்கா. வர மாட்டாங்கன்னுதானே சொன்னேன்.

— மாமா.

— யாரு? தீமாவா? நீ எப்படிடா போன்ல?

— வீட்டுல இருக்கேன் மாமா, அம்மாவோட சமையல்கட்டுல. பட்டாள நாள்னு சொல்லி, கேப்டனுக்கு ரெண்டு பாட்டில் குடுத்து அம்மா என்னைக் கூட்டிட்டு வந்தா. நாலு மணிக்குள்ள முகாமுக்குத் திரும்பணும். அம்மா ஸ்பீக்கர்ல போட்டிருந்தா, மொதல்லேருந்து எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருந்தேன்.

— எல்லாத்தையுமா?

— எல்லாத்தையும். பயிற்சிதான்னு நீங்க சொன்னா முகாமுக்கே திரும்பிப் போயிடலாம்னு இருந்தேன். போகலைன்னா ஜெயில் மாமா. சேறு, மாமியார்னு நீங்க சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பா வந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. கிளம்பக்கூட எழுந்துட்டேன்.

— தீமா...

— கையெழுத்துப் போட்டுட்டீங்களா?

— போட்டுட்டேன்.

— அப்ப நாங்க வருவோமா, மாமா?

— உங்க மாமா சொல்றதை எல்லாம் நீ...

— நேராச் சொல்லுங்க.

— வருவீங்கப்பா.

— அம்மா, என் பூட்ஸை எங்கயாவது ஒளிச்சு வை. நாலு மணிக்கு நானே கெஞ்சிக் கேட்டாலும் எடுத்துக் குடுக்காதே.