தைக்க நாளாகிற துணி

பூ பெரிசா சின்னதாங்கிறதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, ரெண்டுலயுமே வெட்டுங்க. கலரும் உங்க இஷ்டம். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், தைக்க நாளாகணும். ஒரே நாள்ல தைச்சு மாட்டிக்கலாம்னு ஒண்ணு எடுத்துக் காட்டினீங்கல்ல, அது வேண்டவே வேண்டாம். அதை உள்ள வைங்க.

என்ன தைக்கவா? நான் எங்கம்மா தைக்கப் போறேன்? பட்டன் அறுந்தா பின் குத்திக்கிட்டு வேலைக்குப் போனவன் நான். தைக்கிறது என் சம்சாரம். அஞ்சு மணிக்கு வந்துடுவா. அதுக்குள்ள வீட்டுல ஒரு அலமாரி நிரம்பியாகணும். நாலு தட்டு. ஒவ்வொரு தட்டும், இந்தாங்க, நான் ரெண்டு கையையும் விரிச்சா இவ்வளவு அகலம். இப்போ மேல் தட்டுல மூணே மூணு துணி இருக்கு, பாக்கியெல்லாம் காலி. காலி பண்ணின மகராசன் நான்தான். அதான் இப்படி நாய் படாத பாடு படுறேன்.

நாற்காலி வேணாம்மா, நின்னுக்கிறேன். ஆட்டோவை வேற வாசல்ல நிறுத்தி வெச்சிருக்கேன். அது என்னது, அந்த மேல இருக்கிறது? வழுக்குமா? கத்திரி வெச்சா நழுவுமா? நல்லதாப் போச்சு. அதுல ஒரு ஆறு மீட்டர். ஏம்மா அப்படிப் பாக்குறீங்க? புத்தி கெட்டவன் எவனோ வந்துட்டான்னுதானே? பாருங்க பாருங்க, பரவாயில்லை.

அவளை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்தக் கடையைத் தவிர வேற எங்க போனா அவ? கண்ணாடியைக் கயித்துல கோத்துக் கழுத்துல தொங்கவிட்டிருப்பா, ஆனா கண்ணுல மாட்ட மாட்டா. துணியை எடுத்தா விலையைக் கேக்குறதுக்கு முன்னாடி மோந்து பாப்பா. ஆ, சிரிக்கிறீங்க பாத்தீங்களா! அவளேதான். துணியை மோந்து பாக்குற அம்மான்னு பேரே வெச்சிருக்கீங்களா? சரிதான். வீட்டுல சொன்னா சண்டைக்கு வருவா. இல்ல, சிரிப்பா. சிரிக்கத்தான் செய்வா.

ஏன் ஒரு மாசமா வரலைன்னா... வேலைம்மா. உடம்பும் கொஞ்சம் சரியில்லை. அந்தத் தடிமனான துணி என்னது, சோபாவுக்குப் போடுறதா? அதுல ஊசி சட்டுன்னு ஏறாதே? வெட்டுங்க அதையும்.

அவ வாங்கினதைக் கேட்டா மலைச்சுப் போயிடுவீங்க. அலமாரி நிறைஞ்சு, பரண் நிறைஞ்சு, ஊருக்குப் போற பெட்டி ரெண்டும் நிறைஞ்சாச்சு. பெட்டியில துணி இருக்குன்னு நாங்க ஊருக்கே போறதில்லை! ஒரு நாள் தலையணை கல்லு மாதிரி இருக்கே, கழுத்து பிடிச்சுக்கிச்சேன்னு உறையைக் கழட்டினா, உள்ள பஞ்சைக் காணோம். மடிச்சு மடிச்சு அஞ்சு மீட்டர் காட்டன். என்னடி இதுன்னா, பஞ்சு உடம்புக்குச் சூடுங்கன்னு சொல்றா. முகத்துல ஒரு அசைவு கிடையாது. புதுசா எது வாங்கினாலும் முதல்ல தண்ணியில நனைச்சுக் காயப் போடணுமாமே, சுருங்குறது முன்னாடியே சுருங்கிடணும்னு. அதுலதான் மாட்டிப்பா. கொடியில இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே துணி தொங்கும். யாரோடதுன்னு கேட்டா பக்கத்து வீட்டுதுன்னுவா. பக்கத்து வீட்டுல இருக்கிறது ஒத்தை ஆளு. எட்டு மீட்டர்ல அவரு என்ன கோவணமா கட்டப் போறாரு? மன்னிச்சுக்கங்க, பேச்சு வாக்குல வந்துடுச்சு.

தைக்க மாட்டான்னு இல்லை. நல்லாவே தைப்பா. ஆனா மாசத்துக்கு ஒண்ணு, அதுக்கு மேல ஓடாது. தைச்சதைப் பிரிப்பா, மறுபடி தைப்பா. ஒரு கை மட்டும் மூணு தடவை. வாங்குறது மட்டும் வாரத்துக்கு ஒண்ணு. ஒவ்வொரு துணியிலயும் ஒரு சீட்டு எழுதிப் பின் குத்தி வெச்சிருப்பா, இது எதுக்குன்னு. தங்கச்சி பொண்ணுக்குக் கவுன். எனக்குச் சட்டை. எனக்கு மட்டும் பதினாலு சட்டை அதுல காத்துக்கிட்டு இருந்துச்சு, ஒண்ணு கூட உடம்புக்கு வந்து சேரலை. ஒரு மஞ்சத் துணியில புது வீட்டு ஜன்னலுக்குன்னு எழுதியிருந்துச்சு. நாங்க இருபத்திரெண்டு வருஷமா அதே வாடகை வீட்டுலதாம்மா இருக்கோம். எந்தப் புது வீட்டு ஜன்னல்டின்னு கேட்டேன். வீடு வந்ததுக்கப்புறம் துணிக்கு அலைய முடியுமான்னு என்னையே திருப்பிக் கேக்குறா.

மணி என்ன? நாலா? சரி, சரி. கொஞ்சம் வேகமா மடிங்கம்மா. மூலையெல்லாம் பாக்க வேணாம்.

நான் மெஷின் பாகம் விக்கிற கம்பெனியில ஸ்டோர் கீப்பரா இருந்தேன், முப்பத்தோரு வருஷம். எங்க வேலையில ஒரு வழக்கம். மாசத்துக்கு எவ்வளவு செலவாகுது, எத்தனை மாசத்துக்கு வேணும், ரெண்டையும் பெருக்கிப் பாக்கணும். அதுக்கு மேல ஒரு நட்டு கூட ரேக்குல இருக்கக் கூடாது. ரெண்டு வருஷம் அசையாமக் கிடந்தா அது டெட் ஸ்டாக், எடுத்து வெளியில போடு. வீட்டுலயும் அதையே சொல்லிக் காட்டுவேன். உன் அலமாரி பூரா டெட் ஸ்டாக்குடின்னு. அவ காதுலயே வாங்க மாட்டா. முப்பது வருஷமா இதே சண்டைதான். நல்ல சண்டைம்மா அது. அந்தச் சண்டை இல்லைன்னா எங்களுக்குப் பேசிக்க வேற என்ன இருக்கு?

போன புதன்கிழமை அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா. வீட்டுல ஒரு கட்டில் போட இடம் பண்ண வேண்டியிருந்துச்சு. தலைமாட்டை ஏத்தி இறக்குற கட்டில். அதுக்கு இடம் பண்ணுறேன்னுதான் ஆரம்பிச்சேன். தையல் வகுப்பு நடத்துற ஒரு அம்மாவுக்குப் போன் போட்டேன், வேனோட வந்துட்டாங்க. பரண், பெட்டி, தலையணை, அலமாரி, ஒண்ணு விடலை. முப்பது வருஷச் சரக்கை மூணு மணி நேரத்துல ஏத்தி அனுப்பிட்டேன். அப்போ எனக்கு எவ்வளவு திருப்தியா இருந்துச்சு தெரியுமா?

திருப்பிக் கேக்காமலா இருப்பேன்? நேத்துக் காலையில கதவு திறக்குறதுக்கு முன்னாடியே அங்க போய் நின்னேன். இருபது பொண்ணுங்க, இருபது கத்திரி. கட்டிங் பழகுறோம்னு எல்லாத்தையும் கூறு போட்டு வெச்சிருக்காங்க. அந்த மஞ்சத் துணியைத் தேடினேன். ஒரு பொண்ணு அதுல காலர் வெட்டிப் பழகிக்கிட்டு இருந்துச்சு. ஏழு காலர். பாவம், அந்தப் பொண்ணு என்னைப் பாத்துப் பயந்தே போச்சு. அந்த ஏழு காலரையும் வாங்கிப் பையில போட்டுக்கிட்டு வந்தேன், எதுக்குன்னே தெரியாம.

எல்லாத்தையும் குடுத்துடலைம்மா. அதான் சொன்னேனே, மேல் தட்டுல மூணு வெச்சேன். அவளுக்கு ரொம்பப் பிடிச்சதாப் பார்த்து, சீட்டோட, நல்லா மடிச்சு, ஓரம் தட்டி வெச்சேன். பெரிய நல்லது பண்ணின மாதிரி கதவைத் திறந்தும் வெச்சேன், வந்ததும் கண்ணுல படட்டும்னு.

கோபமா? கோபப்பட்டிருந்தா நான் உங்க முன்னாடி இப்படி வந்து நிப்பேனா? கரண்டியைத் தூக்கி எறிஞ்சிருந்தாக்கூட குனிஞ்சு எடுத்துக் குடுத்திருப்பேன். ஒரு வார்த்தை திட்டலை. எங்க போச்சு என் துணின்னு கேக்கலை. மெஷினை மூடி வெச்சவ மூடினதுதான், இன்னைக்கு மூணு நாளாச்சு. சாப்பிடக் கூப்பிட்டா வர்றா, சாப்பிடுறா, எழுந்து போயிடுறா. இன்னைக்கும் தங்கச்சிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கா. ரத்தம் ஏத்தணும், நாலு மணி நேரம் ஆகும். அந்த நேரத்துலதான் நான் இங்க ஓடி வந்திருக்கேன்.

ஆமாம்மா. ரத்தம்.

வயித்துப் புண்ணுன்னுதான் அவகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். டாக்டரையும் அப்படியே சொல்லச் சொல்லிக் காலைப் பிடிக்காத குறையாக் கேட்டுக்கிட்டேன். அவரு என்னை மட்டும் தனியா உள்ள கூப்பிட்டு மூணு மாசம்னாரு. வீட்டுக்கு வந்தா எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் சீட்டுங்கதான். அடுத்த குளிருக்குப் போர்வை. தங்கச்சி பொண்ணு காலேஜ் போகும்போது. புது வீட்டு ஜன்னலுக்கு. எனக்குத் தாங்கலைம்மா. அதுக்குத்தான் வேனைக் கூப்பிட்டேன், கட்டிலுக்காக இல்லை. மாசத்துக்கு ஒண்ணுதானே தைப்பா. அதனால மூணு வெச்சேன்.

கை பழகின கணக்குங்க, தானா போட்டுடுச்சு. சத்தியமா நான் யோசிச்சுப் பண்ணலை.

அவ வந்தா. அலமாரி முன்னாடி நின்னா. கழுத்துல தொங்கின கண்ணாடியை எடுத்துக் கண்ணுல மாட்டினா. ஒவ்வொரு துணியாத் தொட்டு எண்ணினா. முப்பது வருஷம் ஒரு ஸ்டோர் கீப்பரோட குடும்பம் நடத்தினவளுக்குக் கணக்குத் தெரியாதா? என் பக்கம் திரும்பி, மூணு மாசமாங்கன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா.

இல்லைன்னு சொல்லியிருக்கணும்ல? சொல்லலைம்மா. திறந்து வெச்ச அலமாரிக் கதவைச் சாத்தினேன்.

ஏம்மா நிறுத்திட்டீங்க? அழாதீங்க, துணியில பட்டுடப் போகுது. அந்த நீலத்தை இன்னும் வெட்டவே இல்லையே, வெட்டுங்க. சீட்டும் நானே எழுதி வெச்சிருக்கேன் பாருங்க, பையில இருக்கு, கோணல் மாணலா. பின் மட்டும் ஒரு அட்டை குடுங்க. நான் பொய் சொல்றேன்னு அவளுக்குத் தெரியும். தெரியட்டும். கதவைத் திறந்த உடனே உங்களுக்குப் பைத்தியமா, இவ்வளவையும் யாரு தைக்கிறதுன்னு கத்துவா. கத்தணும்மா அவ. நீதான்டி தைக்கணும், வேற யாருன்னு நான் திருப்பிச் சொல்லணும்.