வீட்டுக்கு ஒரு வேலை

சட்டமன்றத் தேர்தல் நெருங்கியிருந்த நேரம். கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் செல்லும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இருவர் அமர்ந்திருந்தனர். வெற்றி பெற்றால் வீட்டுக்கு ஒருவருக்கு வேலை நிச்சயம் என்று ஒரு வேட்பாளரின் ஒலிபெருக்கி வண்டி அறிவித்துக்கொண்டே எங்களைக் கடந்தது. மூத்தவள் எதிர் வேட்பாளரின் ஆதரவாளர் போலும், அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வூட்டுக்கு ஒண்ணு குடுக்கறதுக்கு இது இன்னா பொங்கல் கரும்பாடி? ஒரு வூட்ல எத்தினி பேரு வேலை இல்லாம குந்திகினு இருக்கறாங்கன்னு அந்தாளுக்குத் தெரியுமா?"

"ஒண்ணாவது வரட்டுமேக்கா. உங்க கொழுந்தன் கேரளாவுல கல்லு சொமக்கறத வுட்டுட்டு வந்துருவாரு."

"அப்ப எம் புள்ள? டிப்ளமோ முடிச்சிட்டு பாய் கடையில கோழி உரிச்சிகினு இருக்கறானே, அவன் எங்க போவான்?"

ஏமப்பேர் நிறுத்தம் தாண்டிய பிறகு, இளையவள் மிகுந்த தயக்கத்தோடு கேட்டாள்.

"தனி ரேஷன் கார்டு போட்டுகினா ரெண்டு வூடுன்னு ஆயிடும் இல்லக்கா? நாங்க வேணா பின்னால கொட்டாயில ஒல வெச்சிக்கறோம்."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள். பேசியபோது அவள் குரலில் சண்டை இல்லை. சலிப்பு மட்டுமே இருந்தது.

"பாத்தியாடி, அந்தாளு இன்னும் ஜெயிக்கவே இல்ல. அதுக்குள்ள நம்ம அடுப்ப ரெண்டாக்கிட்டான்."