முன் சீட்டு

ராத்திரி பதினொன்றே முக்கால். பெருநகர் கிராமத்தில் இருந்து உத்திரமேரூர் வருகிற ரோடு. இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல்... நடுவில் ஒரு வெள்ளைக் கார், பானட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. ஒரு தவளைகூடக் கத்தவில்லை. சூடான இன்ஜின் மட்டும் 'டிக்... டிக்...' என்று ஆறிக்கொண்டிருக்கிறது.

பூண்டு உரிக்கிற கை நிற்க வேண்டாம். விடிந்தால் கல்யாணம், இன்னும் இரண்டு கிலோ அப்படியே கிடக்கிறது. காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுங்கள். பயந்தாங்கொள்ளிகள் நடுவில் வந்து உட்காரலாம். அப்புறம் பாத்ரூம் போகத் துணைக்கு வா என்று என்னை எழுப்பினால் வர மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

இது எவளுக்கோ நடந்தது இல்லை. என்னோடு சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறாளே, பெருநகர் சிட்டம்மாள், அவளுடைய தம்பி பாண்டியன் உத்திரமேரூர் பஜாரில் உரக்கடை வைத்திருக்கிறான். அவனுடைய இரண்டாவது பெண்டாட்டி கல்பனாவுக்கு நடந்தது.

முதல் பெண்டாட்டி பெயர் அம்முலு. சொந்த அத்தை மகள், கிராம நர்ஸ். அந்தக் காரை அவள்தான் வாங்கினாள். காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டர் ஓட்டிய பழைய வண்டி. ஏரிக்கரையில் தானே ஓட்டிப் பழகி, புருஷனுக்கும் சொல்லிக் கொடுத்தவள். பழைய வண்டிக்கு ஆயில்தான் உயிர் என்பாள். தினமும் காலையில் பாண்டியன் பானட்டைத் தூக்குவான். ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி சொருகி, மறுபடி உருவிப் பார்ப்பான். சமையல்கட்டு ஜன்னலில் இருந்து அம்முலு கேட்பாள்: "ஆயில் பாத்தியா மாமா?" இவன் சொல்வான்: "பாத்துட்டேன் அம்முலு. சரியா கீது."

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலே நாள். போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அடுத்த வருஷம் கல்பனா வந்தாள். நல்ல பெண். வேலைக்கு அஞ்ச மாட்டாள், கொஞ்சம் ரோஷக்காரி. வந்த முதல் வாரமே ஒன்றைக் கவனித்தாள். காலையில் பாண்டியன் கம்பியை உருவிப் பார்த்துவிட்டு, "சரியா கீது" என்று மெதுவாகச் சொல்கிறான். யாரிடம் சொல்கிறான்? வாசலில் ஆள் இல்லை. சொல்லிவிட்டு ஒரு நொடி அப்படியே நிற்கிறான். பிறகுதான் பானட்டைச் சாத்துகிறான்.

நாத்தனார் சிட்டம்மாளிடம் கேட்டாள். சிட்டம்மாள் வாய் சும்மா இருக்குமா? பழைய கதை பூராவும் சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பற்றியது கல்பனாவுக்கு வயிற்றெரிச்சல். உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் குடுமியைப் பிடித்து ஆய்ந்துவிடலாம். செத்தவளை என்ன செய்வது? பாண்டியன் இவளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டான். "இந்தாம்மா, தண்ணி குடு." "இந்தாம்மா, சாவி எங்க?" அவ்வளவுதான். அடிக்க மாட்டான், திட்ட மாட்டான், குறை வைக்க மாட்டான். ஆனால் இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் வாயில் 'கல்பனா' வரவில்லை.

எல்லாவற்றையும் விட அவளுக்கு ஆகாதது அந்தத் துணி. கம்பியைத் துடைக்கிற துணி. அம்முலுவின் பச்சைப் புடவையில் கிழித்தது, கடுகு கடுகாக மஞ்சள் புள்ளி போட்டது. பாதி கறுத்துப்போய், ஆயில் நாற்றம் அடிக்கும். அதை அவன் மடித்து டிரைவர் சீட்டுக்கு அடியில் வைப்பான். கல்பனாவின் பட்டுப்புடவை கொடியில் இருந்து விழுந்தாலும் தாண்டிக்கொண்டு போகிறவன், அந்த அழுக்குத் துணியை நாலாக மடித்து வைப்பான்.

இதெல்லாம் போதாது என்று வண்டி வேறு தகராறு பண்ண ஆரம்பித்தது.

பாண்டியன் தனியாகப் போனால் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும். கல்பனா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தால் செல்ஃப் எடுக்காது. 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி. பின் சீட்டில் உட்கார்ந்தால் எடுக்கும். முதலில் தற்செயல் என்றுதான் நினைத்தார்கள். மூன்றாவது தடவை மெக்கானிக் வஹாபைக் கூப்பிட்டார்கள்.

வஹாப் கெட்டிக்காரன். பேட்டரி முனைகளைச் சுரண்டிப் பார்த்தான். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னான். விளக்கு மங்கவே இல்லை.

"பேட்டரி மேல தப்பு இல்லண்ணே. பெட்ரோல் பம்பு சத்தமும் சுத்தமா கேக்குது. கரண்டு செல்ஃபுக்குப் போய்ச் சேரல. ஒயர் எங்கியோ விட்டுருக்கும். அண்ணி, கொஞ்சம் எறங்கி நில்லுங்க, சீட்டாண்ட பாக்கணும்."

கல்பனா இறங்கினாள். வஹாப் குனிவதற்குள் பாண்டியன் சும்மா சாவியைத் திருப்பினான். வண்டி ஜம்மென்று ஸ்டார்ட் ஆனது. அணைத்தார்கள். அவள் ஏறினாள். 'டக்.' இறங்கினாள். ஸ்டார்ட் ஆனது. ஏறினாள். 'டக்.' தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. எதிர் வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். வஹாப் மட்டும் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஸ்பேனர்களைப் பையில் போட்டான்.

"இதுல என் கைக்கு வேலை இல்லண்ணே" என்றான்.

அன்றில் இருந்து கல்பனா பின் சீட்டு. கட்டின புருஷன் வண்டியில் வாடகைக்கு ஏறியவள் மாதிரி. கடைத்தெருவில் பெண்கள் கேட்டார்கள்: "இன்னா கல்பனா, புருஷனாண்ட மீட்டர் போட்டு வர்றியா?" அவள் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஒரு நாள் பாண்டியன் குளிக்கப் போன நேரத்தில் அந்தத் துணியை எடுத்தாள். பின்கட்டில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போட்டாள். ஆயில் ஊறிய துணி இல்லையா... 'குப்'பென்று பிடித்தது. கறுப்பாகப் புகை. அது சாம்பலாகிற வரைக்கும் அங்கேயே குந்திப் பார்த்தாள். பிறகு தன்னுடைய மாம்பழக் கலர் புடவையில் ஒரு முழம் கிழித்து, நாலாக மடித்து, அதே இடத்தில் வைத்தாள்.

மறுநாள் பாண்டியன் சீட்டுக்கு அடியில் கையை விட்டு எடுத்தவன் அப்படியே நின்றான்.

"இது இன்னா துணி?"

"என் பொடவைதான். பழசு நாறிச்சி, தூக்கிப் போட்டுட்டேன்."

பாண்டியன் கம்பியை உருவவில்லை. துணியைத் திரும்ப வைத்துவிட்டு, பானட்டைச் சாத்தி, கிளம்பிப் போய்விட்டான். அதற்கு அப்புறம் அவன் பானட்டைத் தூக்கவே இல்லை. கல்பனா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. 'சரியா கீது' நின்றுபோனதே, அது போதும் அவளுக்கு. அந்த வெள்ளிக்கிழமை துணிந்து முன் சீட்டில் ஏறினாள். சாவியைத் திருப்பியதும் வண்டி ஸ்டார்ட் ஆனது. எதிர் வீட்டுக்காரி பார்க்கட்டும் என்று கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போனாள்.

இரண்டு வாரம். இரண்டே வாரம் அந்தச் சந்தோஷம்.

சிட்டம்மாளின் பேரனுக்குப் பெருநகரில் காதுகுத்து. நானும் போயிருந்தேன், கல்பனாவைப் பார்த்தேன். தலை நிறைய பூ, முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. சாப்பாடு முடிந்து, பேசி முடித்து, அவர்கள் கிளம்பும்போது பதினொன்றேகால் இருக்கும்.

பாதி வழியில் டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. ஆயில் விளக்கு. அது எரிந்தால் ஒரு அடிகூட ஓட்டக் கூடாது. பாண்டியன் உடனே ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்தான். நான் முதலில் சொன்னேனே, அந்த இடம்.

"எறங்கு. செல்லுல லைட்டு அடி" என்றான்.

கல்பனா சீட் பெல்ட்டைக் கழற்றினாள். இறங்கிக் கதவைச் சாத்தினாள். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்... பெல்ட்டைக் கழற்றினாள், கதவைச் சாத்தினாள்.

பாண்டியன் பானட்டைத் தூக்கினான். ஆயில் எல்லாம் கீழே இறங்கட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். கம்பியை உருவினான். அதன் நுனியில் ஒரு பொட்டு ஆயில் இல்லை. கீழே ரோட்டில் ஒரு சொட்டு ஒழுகவும் இல்லை.

"ரெண்டு வாரமா பாக்கல" என்றான். இவளிடம் சொன்ன மாதிரி இல்லை. யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது.

டிக்கியில் ஆயில் டப்பா ஒன்று எப்போதும் இருக்கும், அதுவும் அம்முலு வைத்த பழக்கம்தான். எடுத்து ஊற்றினான். புது ஆயில் 'குளுக்... குளுக்...' என்று இறங்கியது. டிரைவர் பக்கம் போய்க் கையை விட்டுத் துணியை எடுத்து வந்தான். கம்பியைத் துடைத்தான், சொருகினான், உருவினான். கல்பனா செல்போன் வெளிச்சத்தைக் கிட்டே பிடித்தாள். ஆயில் கம்பியில் இருக்கிற இரண்டு அளவுக் கோட்டுக்கும் நடுவில் நின்றது.

"சரியா கீது" என்றான் பாண்டியன்.

"ம்..."

வண்டிக்குள் இருந்து. முன் சீட்டில் இருந்து.

சத்தியமாகக் கல்பனா காதால் கேட்டாள். திரும்பிப் பாண்டியனின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் திடுக்கிடல் இல்லை, ஆச்சரியம்கூட இல்லை. அப்படியானால் தினமும் காலையில் சொல்லிவிட்டு ஒரு நொடி நிற்பானே... அது இதற்காகவா? கல்பனாவுக்குப் பயத்துக்கு முந்திக்கொண்டு வந்தது வயிற்றெரிச்சல்தான்.

காற்றில் துணி கருகும் வாடை வந்தது. அவன் கையைப் பார்த்தாள். அவன் துடைத்துக்கொண்டிருந்தது மாம்பழக் கலர் இல்லை. பச்சை. கடுகு கடுகாக மஞ்சள் புள்ளி. எங்கேயும் ஒரு நூல்கூடக் கருகவில்லை.

முன் கதவுக்குப் போனாள். கண்ணாடி வழியாக உள்ளே வெளிச்சம் அடித்தாள். சீட் காலிதான். ஆனால் பெல்ட் மாட்டியிருந்தது. சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை... முன்னால் புடைத்து நின்றது, உள்ளே ஆள் இருக்கிற அளவுக்கு.

கல்பனா பின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். ஏன் என்று பாண்டியன் கேட்கவில்லை. ஒரே திருப்பில் வண்டி ஸ்டார்ட் ஆனது.

மறுநாளே பஸ் ஏறிப் பெருநகருக்கு ஓடி, சிட்டம்மாள் மடியில் விழுந்து அழுதாள். சிட்டம்மாள் யோசித்துச் சொன்னாள்: "இன்னாத்துக்கு அழுவுற? அவ நின்ன எடத்தைக் காலியா வுட்டு வச்சது நீ. காலியா கீற எடத்துக்கு எவ வேணா வருவா. நாளையிலேர்ந்து அந்த ஜன்னலாண்ட நீ நில்லு. அவ கேட்டதை நீ கேளு."

கல்பனா அப்படியே செய்தாள். பச்சைத் துணியைத் தொடவில்லை. பாண்டியனும் மறுபடி தினமும் பானட்டைத் தூக்க ஆரம்பித்திருந்தான். தினமும் காலையில் சமையல்கட்டு ஜன்னலில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்பாள்: "ஏங்க... ஆயில் பாத்தீங்களா?" அவன் தலையைத் தூக்காமல், "பாத்தாச்சு" என்பான். அதோடு சரி. பெயர் வராது. ஆனாலும் அவளுக்குத்தானே பதில் சொல்கிறான்? ஒரு மாசம் ஒரு நாள் விடவில்லை. முன் சீட்டில் ஏறினால் வண்டி தகராறு பண்ணவில்லை. பெயரும் ஒரு நாள் வரும் என்று காத்திருந்தாள்.

போன ஆடி மாசம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நல்ல காய்ச்சல். காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. வெளியே பானட் திறக்கும் சத்தம் கேட்டது. எழுந்து ஜன்னலுக்குப் போக வேண்டும் என்று பார்த்தாள், உடம்பு அசையவில்லை. பாயில் கிடந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கம்பி உருவும் சத்தம். துடைக்கிற சத்தம். மறுபடி சொருகும் சத்தம்.

அப்போது சமையல்கட்டு ஜன்னலில் இருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆயில் பாத்தியா மாமா?"

குரல்... கல்பனாவின் குரல். அந்தத் தொண்டைச் செருமல்கூட அவளுடையதேதான். ஆனால் அவள் ஒரு நாளும் அவனை மாமா என்று கூப்பிட்டது கிடையாது.

வெளியில் பாண்டியன் சிரித்தான். "பாத்துட்டேன் கல்பனா. சரியா கீது."

கல்பனா. இரண்டு வருஷம் அவள் தவம் கிடந்த பெயர். கத்த வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. கார்க் கதவு 'டப்' என்று சாத்திக்கொண்டது. கொஞ்சம் கழித்து இன்னொரு கதவு... 'டப்.' வண்டி ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிக் கிளம்பிப் போனது.

சாயங்காலம் பாண்டியன் வந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு களையை அவள் பார்த்ததே இல்லை. பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "உடம்பு இப்படிச் சுடுதே" என்று சொல்லி, கையில் இருந்த துணியால் அவள் நெற்றியைத் துடைத்தான். துணியில் ஆயில் வாடை அடித்தது.

"காலையில அவ்ளோ சிரிச்சிப் பேசிக்கினு வந்தே. பெருநகர்ல அக்கா வூட்டாண்ட எறங்கினவ, எப்ப வந்து படுத்தே?" என்றான். "சீக்கிரம் எழுந்துக்கோ கல்பனா. இனிமே தெனமும் என்கூட வா. அந்த முன் சீட்டு எப்பவும் உனக்குத்தான்."