ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை

உட்காரச் சொல்லாதீர்கள், ஷெரிஃப். எனக்கு உட்கார வராது. இருபது வருடமாகக் கான்சாஸ் கோதுமை வயல்களில் மெட்டல் டிடெக்டரைப் பிடித்துக்கொண்டு நடந்த கால்கள் இவை. இந்த அறையில் எட்டடி போனால் சுவர் வந்துவிடுகிறது. பரவாயில்லை, திரும்பித் திரும்பி நடந்தபடியே சொல்கிறேன்.

எங்கள் வயல்களில் என்றைக்கோ வானத்திலிருந்து விழுந்த இரும்புக் கற்கள் புதைந்து கிடக்கின்றன. கருவி சத்தம் கொடுக்கிற இடத்தில் கொடி நடுவோம். பெரிய சத்தம் என்றால் சிவப்பு. உடனே தோண்ட வேண்டியது. சின்னச் சத்தம் என்றால் வெள்ளை. ஆணி, லாடம், பீர் டப்பா, ஏதோ குப்பை. பொழுது மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம். இந்தச் செவ்வாய்க்கிழமை காலைதான் நூறு சிவப்புக் கொடிகள் கொண்ட புதுக் கட்டு வாங்கி வண்டியில் போட்டிருந்தேன்.

டெல்பர்ட் உன்ரு நல்ல மனிதன்தான். தேவாலய விருந்தில் கோழிக்காலை ஆட்டியபடி பிரபஞ்சத்தின் வயதைச் சொல்வான், ஏதோ பிரசவத்தின்போது பக்கத்தில் நின்றவன் மாதிரி. பெல்ட் பக்கிளில் விண்கல் வில்லை ஒன்றைப் பதித்திருந்தான். கும்பிட நினைப்பவர்கள் அதிகம் குனிய வேண்டாம் என்பதற்காக இருக்கும். நாங்கள் இருவரும் சேர்ந்து பத்தொன்பது கற்கள் எடுத்தோம். பத்தொன்பதும் அருங்காட்சியகத்தில் அவன் பெயரில் இருக்கின்றன. ஒருதடவை அதைக் கேட்டேன். சிரித்தான்.

"நீ தோண்டுறவன்யா, வெர்லின். நான் கண்டுபிடிக்கிறவன். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத."

எனக்குக் கோபம் வரவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை லொரேனா பென்னரின் வயலில் கருவி இதுவரை கேட்டிராத குரலில் கத்தியது. ஒரு சிவப்பு நட்டேன். தோண்டும்போது அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பொக்லைனால் ஒன்பதடி இறக்கினேன். மழை பெய்த மண், பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். கல்லை முதலில் தொடுவது தன் கையாக இருக்க வேண்டும் என்று டெல்பர்ட் ஏணியில் இறங்கிவிட்டான். பதினொன்றரைக்கு ஒரு பக்கச் சுவர் அவன்மேல் சரிந்தது. நான் தள்ளவில்லை. அது தானாகத்தான் சரிந்தது.

உடனே கைக்கருவியோடு இறங்கித் தேடினேன். தேடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தெற்கு மூலையில் சின்ன முனகல் ஒன்று: பக்கிள், பூட்ஸின் இரும்பு மூக்கு. மூன்றடி ஆழம் இருக்கும். வடக்கே அந்தப் பெரிய சத்தம் அப்படியே இருந்தது. வடக்கில் சிவப்பை நட்டேன். தெற்கில் வெள்ளையை நட்டேன்.

யோசித்துப் பாருங்கள். அவனை முதலில் எடுத்தால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே இருபதாவது கல்லுக்கும் தன் பெயரை வைத்துவிடுவான். கல் முதலில் வந்தால் கண்டுபிடித்தவன் நான், அவனைக் காப்பாற்றியவனும் நான். இரண்டுக்கும் நேரம் இருந்தது. இருந்ததாகத்தான் எனக்குப் பட்டது.

வடக்கில் தோண்டிய மண்ணை மேலே கொண்டுபோய்க் கொட்டினால் தாமதமாகும். தெற்கு மூலையிலேயே கொட்டினேன். கொட்டும் முன் வெள்ளைக் கொடியைப் பிடுங்கிவைத்து, கொட்டிய பிறகு குவியலின் உச்சியில் அதே இடத்துக்கு நேராக மறுபடி நட்டேன். இடம் தவறிவிடக் கூடாது என்பதில் நான் கவனமானவன்.

பன்னிரண்டு மணிக்கு லொரேனா, கறியும் முட்டைக்கோசும் அடைத்த ரொட்டி நாலு கொண்டுவந்தாள்.

"எங்க உங்க வானத்து ராஜா?" என்றாள்.

"கீழதான் இருக்காரு."

"இருக்கட்டும், இருக்கட்டும். மேல வந்தா பேச ஆரம்பிச்சிடுவாரு. எனக்கு அடுப்புல வேலை இருக்கு."

அவளிடம் நான் பொய் சொல்லவில்லை. இரண்டை நின்றபடி தின்றேன். அவனுக்கு இரண்டை வண்டிக்குள் வெயில் படாமல் மூடிவைத்துவிட்டு வந்தேன்.

ஒரு மணிக்கு வடக்கிலிருந்து வெளியே வந்தது, என்றோ குடியேறி வந்த யாரோ புதைத்துவிட்டுப் போன இரும்பு விறகடுப்பு. கதவில் திராட்சைக் கொத்து வார்த்திருந்தது. அந்தக் குழியில் இருந்த ஒரே விண்கல் தெற்கு மூலையில், டெல்பர்ட்டின் வயிற்றின்மேல் இருந்தது.

உடனே வெள்ளைக் கொடியிடம் போனேன். பொழுது மிஞ்சியிருந்தது.

முகத்துக்கு முன்னால் கையை மடித்துக் கொஞ்சம் இடம் செய்துவைத்திருந்தான். பன்னிரண்டு தாண்டியும் மூச்சு இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். டாக்டர்கள் எல்லாவற்றையும் பெரிதுபடுத்துவார்கள். அந்த நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அதன் கால்கள் இரும்பு, கிட்டே போகும்போதெல்லாம் காதுக்குள் முனகுகிறது.

ஏன் வெள்ளை என்று மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். என்னிடம் சிவப்பு ஒன்றுதான் இருந்தது.

"வண்டியில தொண்ணூத்தொம்பது சிவப்பு கெடந்துச்சே, வெர்லின். உங்க ஃபோனும் அங்கதான இருந்துச்சு."

இருந்தது. ஆனால் எல்லாம் வண்டியில் அல்லவா இருந்தது, ஷெரிஃப்? வண்டி இருபதடி தள்ளி நின்றது.