அரிசோனாவில் மணி எட்டு

— இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, நோரீன். காபியை அந்தப் பக்கம் வை. மவுஸ் மேல சிந்துச்சுன்னா முப்பத்தொரு வருஷப் பேரு போச்சு.

— மவுஸ் பிழைச்சுக்கும், வெர்ன். நீ முதல்ல மூச்சு விடு.

— யூட்டா பூங்கா முகாம், நாற்பத்திரண்டாம் நம்பர் இடம். ஆத்துல காலை நனைச்சுக்கிட்டே முட்டை பொரிக்கலாம். முதல்ல வரிசையில நின்னு பிடிச்சேன், அப்புறம் போன்ல பிடிச்சேன், இப்ப கம்ப்யூட்டர்ல. நம்ம வாரத்துல வேற ஒருத்தன் கூடாரம் அங்க நின்னதில்ல, எழுதி வச்சுக்கோ.

— எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன். போர்வை ஆறு, பான்கேக் மாவு, பீன்ஸ் டின் எட்டு, கொசுத் தைலம், குழந்தைக்கு டயப்பர்.

— உன் தம்பி ட்வைட் போன வருஷம் எங்க படுத்தான்? கக்கூஸ் பக்கத்து இடத்துல. விடிய விடிய கதவு சத்தம் கேட்டானாம். இடம் கிடைச்சதும் அவனுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பணும்.

— அனுப்பு, அனுப்பு. ஜோனி கேட்டா, அப்பா உட்கார்ந்துட்டாரான்னு. ஓஹாயோவில இருந்து விமான டிக்கெட் வாங்கிட்டாளாம்.

— வாங்கட்டும். அவ நீச்சல் கத்துக்கிட்ட துறை அது. என் பேத்தி காலும் முதல்ல அந்தத் தண்ணியிலதான் படணும். நான் பிடிச்ச இடத்துல.

— வழக்கமா மே மாசம் போவோம். குழந்தைக்காக இந்தத் தடவை செப்டம்பருக்குத் தள்ளியாச்சு. போட்டி ஜாஸ்தியா இருக்காதா?

— இருந்தா என்ன? ஆறு மாசத்துக்கு முன்னால, சரியா எட்டு மணிக்குத் திறப்பான். எட்டு அடிச்ச விநாடி நான் அமுக்குவேன். மத்த ஊர்க்காரனெல்லாம் போன ஞாயித்துக்கிழமை கோடைக் கணக்குன்னு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளிட்டுத் தூக்கம் கெட்டுக் கிடக்கான். நம்ம அரிசோனா தள்ளாது. யார் சொன்னாலும் தள்ளாது. அதுல எனக்குப் பெருமைதான்.

— வெர்ன்.

— பேசாதே. அஞ்சு, நாலு, மூணு... அமுக்கிட்டேன்.

— என்ன ஆச்சு?

— சாம்பல் கலரா இருக்கு.

— எது?

— எல்லாமே. நாற்பத்திரண்டு, நாற்பத்திமூணு, கக்கூஸ் பக்கத்து இடம்கூட. எல்லாம் போயாச்சுன்னு காட்டுது. இப்பத்தானே திறந்தான்?

— திறந்து ஒரு மணி நேரம் ஆச்சு. பூங்காக்காரங்களுக்குக் கணக்கு கிழக்குக் கரையில பத்து மணி. நாம வழக்கமா பிடிக்கிற நவம்பர்ல அது நமக்கு எட்டு. போன ஞாயிறு அவங்க தள்ளிட்டாங்க, யூட்டாவும் தள்ளிருச்சு, நாம தள்ளலை. இன்னிக்கு அது ஏழு.

— ஏழு மணிக்கு நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?

— சவரம். பாட்டு வேற.

— தெரிஞ்சுமா சும்மா இருந்த?

— நீ கடிகாரம்னு சொன்னப்பதான் உறைச்சது. வாயெடுத்தேன், பேசாதேன்னுட்ட.

— முப்பத்தொரு வருஷம், நோரீன். ட்வைட் கட்டையில போற வரைக்கும் இதைச் சொல்லியே சிரிப்பான்.

— ட்வைட்டை விடு. ஜோனிகிட்ட என்ன சொல்லப் போற?

— உள்ளதைச் சொல்றேன். போனைக் கொடு. உங்கப்பனுக்கு மணி பார்க்கத் தெரியலைன்னு சொல்றேன். அந்தக் குழந்தையை ஆத்துல இறக்கணும்னு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன். வெக்கமா இருக்கு.

— போன் அப்புறம். நான் ஏன் இன்னும் பட்டியல் எழுதறேன்னு நீ கேட்கவே இல்லையே.

— ஏன் எழுதற?

— ஜனவரியில பூங்காவுக்கு ஒரு விண்ணப்பம் போட்டேன். முகாமைப் பார்த்துக்கிற வேலை. சம்பளம் கிடையாது. வர்றவங்களுக்கு இடம் காட்டணும், அணைக்காம விட்டுட்டுப் போற நெருப்பை அணைக்கணும். முந்தாநாள் பதில் வந்துச்சு. ஆகஸ்டுல இருந்து அக்டோபர் வரைக்கும், முகாம் வாசல்ல, ஆத்தை ஒட்டி நமக்கு ஒரு இடம். தண்ணி, கரண்ட்டோட. நம்ம ட்ரெய்லர் வண்டியும் நிக்கும், ஜோனி கூடாரமும் நிக்கும்.

— முந்தாநாளேவா? அப்ப நான் எதுக்கு இங்க உட்கார்ந்திருந்தேன்?

— நீ ஜெயிச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். முப்பத்தொரு வருஷமா இடம் பிடிச்சது நீ, மூட்டை கட்டினது நான். ஒரு தடவையாவது என் பேர்ல போகணும்னு தோணிச்சு.

— சட்டை தருவாங்களா?

— தருவாங்க. என் பேர் போட்டு.

— என் பொண்டாட்டி பூங்கா சட்டை போட்டுக்கிட்டு வாசல்ல நிப்பா. ட்வைட் வந்து உன்கிட்ட இடம் கேட்டு நிக்கணும். நாற்பத்திரண்டு எல்லாம் எந்த மூலைக்கு? இந்த மாதிரி நான் பெருமைப்பட்டதே இல்ல நோரீன், எழுதி வச்சுக்கோ. சரி, எனக்கு அங்க என்ன வேலை?

— துணைக்கு வர்றவர் என்ன செய்வார்னு விண்ணப்பத்துல ஒரு கேள்வி இருந்துச்சு. கக்கூஸ் கழுவுவார்னு எழுதிட்டேன். காலையில ஏழு மணிக்கு ஆரம்பம், வெர்ன். யூட்டாக்காரன் கடிகாரத்துல ஏழு.