ஏரி தெரியாத காட்டேஜ்

பாத்து வாங்கண்ணா, செருப்பக் கழட்டாதீங்க. சருகுக்கடியில அட்டை இருக்கும். இங்க கூட்டக் கூடாதுங்க, ஓனர் உத்தரவு. எல வுழுந்தா வுழுந்த எடத்துலயே மக்கோணும். ஏழு வருசமா இந்தத் தோட்டத்துல வெளக்கமாறு பட்டதில்லீங்க.

போன்ல ஓனருங்களா? பிரபாகர் சாரு மஞ்சக்குட்டையத் தாண்டிட்டாருங்களா? அப்ப வந்துருவாரு. அதுக்குள்ள நான் சுத்திக் காட்டறன். வாங்கப்போறவங்க நல்லாப் பாத்துக்கோணுமில்லீங்க.

மருந்து கெடையாது, மூட்ட உரம் கெடையாது. சாணி, சருகு, அவ்வளவுதான். குளிக்கற தண்ணி போற எடத்துல கல்வாழ நட்டிருக்கறன். பாம்பா? ஏனுங்கண்ணா, இத்தன தவள கத்துது, பாம்பு வராதுங்களா? சாரைதான். போன மாசம் ஹாலுக்குள்ள ஒண்ணு வந்துச்சு. அது பாட்டுக்குப் போயிருச்சுங்க. தங்க வந்தவங்கதான் பெட்டியத் தூக்கிட்டு அதுக்கு முந்திப் போயிட்டாங்க.

ஏரிங்களா? இருக்குதுங்க. அந்த மரத்துக்கு அந்தாண்ட. போட்டோவுல தெரிஞ்சுதா? அது காட்டேஜ் கட்டுன புதுசுல புடிச்சது. அப்ப ஹால்ல ஒக்காந்தா போட்டுல போறவங்க மூஞ்சியே தெரியும். இப்ப நாவமரம் பதிமூணு நிக்குதில்ல. நாந்தான் வச்சன். நெருக்கி வச்சா ஒண்ணோட ஒண்ணு போட்டி போட்டு ஒசருமுங்க. சாருகிட்டக் கேட்டுட்டுத்தான் வச்சன். நம்ம மண்ணு மரமா, வையி வையின்னாரு. எதையும் வெட்டக் கூடாது, தானா மொளைக்கறது மொளைக்கட்டும்னு வர்றவங்ககிட்டயெல்லாம் பேசுவாரு. எங்க சர்ச்சுல கூட அவ்வளவு நேரம் பிரசங்கம் இல்லீங்க.

வெட்டிக்கலாமா? மலையில அப்பிடி முடியாதுங்கண்ணா. சொந்த எடத்து மரத்துக்கும் பர்மிசன் வேணும். சாரும் எழுதிப் போட்டாரு, ஒண்ணும் ஆவல. அதோ, கறுத்த பழமாத் தொங்குது பாருங்க, அது சந்தனம். நான் வைக்கல, குருவி எச்சத்துல வந்தது. மூணு நிக்குது. தொட்டா பாரஸ்ட்டுல கேசு. தொடாம இருந்தா திருடன் வருவான். போன வருசம் வந்தானுங்க, நாந்தான் சத்தம் போட்டுத் தொரத்துனன். மரத்தக் காப்பாத்தோணுமில்லீங்க.

ஏரி தெரியலன்னு தங்க வர்றவங்களும் கொறஞ்சு போச்சு. அதான் விக்கறாரு. நீங்க நாலாவது ஆளுங்க. முந்தி வந்த மூணு பேருகிட்டயும் இதத்தான் சொன்னன்.

இதையெல்லாஞ் சொல்றதுல எனக்கென்ன வந்துச்சுன்னு கேக்கறீங்களா?

அந்த நாவமர வருசையிலதான் எங்கூடு இருந்துச்சுங்க. எஸ்டேட்ல எங்க மாமனாருக்கு வுட்ட எடம், பட்டா இல்ல. எங்கூட்டுக்காரரு ஏசுராஜ், மெளகு பறிக்க மரமேறி வுழுந்து, இடுப்புக்குக் கீழ அசைவில்லாமப் படுத்துட்டாரு. சன்னலோரம் கட்டில். பொழுதுக்கும் ஏரியப் பாத்துட்டே கெடப்பாரு. சாரு பாதி கட்டுன ஹால்ல நின்னு பாத்தாரு. எங்கூடு ஏரிய மறைக்குதுன்னு பொக்லைன கொண்டாந்துட்டாரு. ஐப்பசி மழைங்க. கட்டிலோட தூக்கிட்டுப் போயி சர்ச்சு வராண்டாவுல போட்டோம். ஒம்பதாம் நாளு, நெஞ்சுச்சளி. போயிட்டாரு.

கூட்ட இடிச்ச அன்னிக்கிச் சாரு கார் கண்ணாடிய எறக்கவேயில்ல. அதனால, அடுத்த வருசம் தோட்ட வேல கேட்டு வந்து நின்னப்ப என்னைய ஆளு தெரியல. பேரு கூடக் கேக்கல. இன்னி வரைக்கும் ஏம்மான்னுதான் கூப்புடறாரு.

ஆரன் அடிக்கறது அவருதான். இருங்க, கேட்டத் தொறக்கறன். வேண்டாம்னு சொன்னீங்கன்னா ஏன்னு கேப்பாரு. ஏசுராஜ் பொண்டாட்டி ஜெயகுமாரி எல்லாம் சொன்னதாச் சொல்லிருங்க. வேல போனாப் போவுதுங்க. முந்தி வந்தவங்ககிட்ட என் பேரச் சொல்ல வேண்டாம்னேன், அப்ப மரம் இளசு, தெரிஞ்சா ராவோட ராவாப் புடுங்கிப்புடுவாரு. இப்ப ஒசந்துருச்சுங்க.