வழுக்காத தரை

குளியலறைத் தரைக்கு டைல் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்க வேண்டும். குடிப்பதற்கு இல்லை. டைலைக் கீழே வைத்து, அதன் மேல் அந்தத் தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறி நின்று பார்க்க வேண்டும். பதினெட்டு வருடமாக என்னிடம் வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் சிரிப்பார்கள். கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் அப்படி நின்று பார்த்தவர்கள் யாரும் பளபளக்கிற டைலை வாங்கியதில்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. விவரம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று என்மேல் இரக்கப்பட்டு நீங்கள் எழுதிவிடக் கூடாது. என் தொழில் எனக்கு அத்துப்படி. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

அத்தானுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டாள். அத்தான் முப்பது வருடம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். இடது கால் இழுத்துக்கொண்டுவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "கிளட்ச் போயிடுச்சுப்பா, இனிமே ஆட்டோமேட்டிக்தான்" என்று சொல்லிச் சிரிப்பார். ஆனால் குளியலறைக்கு மட்டும் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் அவர் சிரிப்பதில்லை.

"அவர் தானா போய், தானா வரணும்டி. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்றாள் அக்கா.

அதுவரை எத்தனையோ குளியலறைகள் செய்திருக்கிறேன். அப்படி மனசு வைத்துச் செய்தது அது ஒன்றுதான். வாசல்படியை எடுத்துவிட்டேன், கால் தடுக்கக் கூடாது என்று. குளிக்கிற இடத்தையும் மற்ற இடத்தையும் ஒரே தரையாக்கி, தண்ணீர் வடிய, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வாட்டம் கொடுத்தேன். சாம்பல் நிறத்தில், கையால் தடவினால் சொரசொரவென்று இருக்கிற போர்சலைன் டைல். ஈரத்தில் நானே வெறுங்காலோடு நின்று பார்த்து எடுத்தது. சுவரில் தொங்குகிற கழிப்பறை, அதற்கு இரண்டு பக்கமும் கைப்பிடி, உட்கார்ந்து குளிக்க ஒரு பலகை. கதவைப் பக்கவாட்டில் நகருகிற மாதிரி வைத்தேன். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் சாதாரணக் கதவு அவர்கள்மேல் முட்டிக்கொண்டு திறக்காது. அதனால் தாழ்ப்பாளும் வைக்கவில்லை. எல்லாவற்றையும் யோசித்தேன்.

வேலை முடிந்த அன்று அத்தான் தனியாக உள்ளே போனார். நானும் அக்காவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிடம் கழித்துத் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்து, "இன்ஜினியரம்மா, ரோடு சூப்பர்" என்றார். நான் இன்ஜினியருக்குப் படித்தவள் இல்லை. என்னைச் சீண்ட அவர் வைத்த பேர் அது. அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கே நின்று அவள் அழுதது எனக்குக் கேட்டது.

இதோடு விட்டிருந்தால் நான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

செய்த வேலையைப் படம் எடுத்து இணையத்தில் போடுவது எங்கள் தொழிலில் வழக்கம். படம் எடுக்க வந்தவர் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, "தரையில உயிரே இல்லைங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். சொரசொரப்பான தரை வெளிச்சத்தை உறிஞ்சிவிடும், படத்தில் சிமென்ட் மாதிரி தெரியும். என்னிடம் பளபளப்புத் திரவம் ஒரு டப்பா இருந்தது. கல் தரைக்குப் பூசுவது. கல் அதைக் குடித்துக்கொள்ளும். போர்சலைன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது, பூசினால் பால்மேல் ஆடை மாதிரி மேலேயே நிற்கும். போர்சலைனுக்கு அதைப் பூசக் கூடாது என்பது எங்கள் தொழிலில் கால் வைத்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரியும். படத்துக்குத்தானே என்று பூசினேன். தரை குளம் மாதிரி ஆயிற்று. படம் எடுத்து முடித்ததும், அதைக் கழற்றுகிற மருந்தை ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். முதல் தடவை ஒழுங்காகக் கழுவினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தான்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். கைப்பிடியைப் பிடித்து எழுந்து காட்டி, "நம்ம வீட்டுப் பொண்ணு கைவேலை" என்பார். முதலில் வந்த தம்பதி தரையைப் பார்த்துவிட்டு, "படத்துல வேற மாதிரி இருந்துச்சே" என்று இழுத்தார்கள். போனவர்கள் போனவர்கள்தான், திரும்பக் கூப்பிடவே இல்லை. அடுத்த முறை யாரோ வருகிறார்கள் என்றதும் காலையிலேயே போய் ஒரு பூச்சு பூசிவிட்டேன். அவர்கள் போன பிறகு கழற்றினேன்.

கழற்றுவது லேசான வேலை இல்லை. முட்டி போட்டு ஒரு மணி நேரம் தேய்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை என்றிருந்தது இரண்டு முறை ஆனது. திங்கட்கிழமை கழற்றி, புதன்கிழமை மறுபடி பூசுவதற்குப் பதிலாக அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஒரு ரப்பர் மேட் வாங்கிப் போட்டேன். ஆட்கள் வரும்போது மட்டும் அதைச் சுருட்டிக் கூடத்து அலமாரிக்குள் வைத்துவிடுவேன்.

அத்தான் கண்டுபிடித்துவிட்டார். முப்பது வருடம் ரோட்டைப் பார்த்த மனிதர்.

"என்னம்மா, ரோடு மாறின மாதிரி இருக்கு. பிரேக் பிடிக்கலையே" என்றார்.

"புதுச் செருப்பு அத்தான். பழகிடும்" என்றேன்.

செருப்பும் நான் வாங்கிக் கொடுத்ததுதான். அவர் சரி என்று தலையாட்டினார். நான் எது சொன்னாலும் நம்புவார். பன்னிரண்டு வயதில் அக்காவோடு அவர் வீட்டுக்கு வந்தவள் நான். பெற்ற பிள்ளை இருந்திருந்தால்கூட அப்படித் தாங்கியிருப்பாரா தெரியாது. எனக்கும் அவர் என்றால் உயிர். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். ஒரு டாக்டர் தம்பதி பன்னிரண்டு மணிக்கு வருவதாக இருந்தது. புதிதாகக் கட்டுகிற வீட்டில் நாலு குளியலறை. அக்கா கண் பரிசோதனைக்குப் போயிருந்தாள். வேலைக்கு வருகிற அம்மா மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எந்நேரமும் பாடிக்கொண்டே வேலை செய்வதால் அத்தான் அவளுக்குப் பாட்டுக்காரி என்று பேர் வைத்திருந்தார். அவள் ஒன்பது மணிக்கே வெறும் தண்ணீரில் குளியலறையைத் துடைத்துவிட்டாள். பூச்சு மங்கிவிடும் என்பதால் சோப்புப் போடக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அந்தச் சொல்லை அவள் ஒரு நாளும் மீறியதில்லை.

நான் பத்து மணிக்குப் போனேன். போன வாக்குமூலத்தில் பதினொன்றேகால் என்று சொன்னேன், அதை அடித்துவிடுங்கள். மேட்டைச் சுருட்டி வைத்துவிட்டு, மங்கியிருந்த பழைய பூச்சின்மேல் இன்னொரு பூச்சுப் பூசினேன். ஒரு மணி நேரத்துக்கு உள்ளே போகாதீர்கள் என்று அத்தானிடம் சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருப்பேன் என்றுதான் நாலு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிறகு கூடத்து அலமாரியில் துண்டுகளை மடித்து அடுக்கப் போனேன். பத்தே முக்காலுக்குச் சத்தம் கேட்டது.

உட்காருகிற பலகையில் தலை இடித்திருந்தது. ரத்தம் அதிகம் இல்லை. கண் திறந்திருந்தது, பேசினார். "கவுந்துட்டேன்மா" என்றார். நான் போனைக் கையில் எடுத்தேன். எடுத்தது நிஜம்.

அப்போதுதான் தரை கண்ணில் பட்டது. காயாத பூச்சின்மேல் அவர் குதிகால் இழுத்துக்கொண்டு போன கோடு, கதவிலிருந்து பலகை வரைக்கும் நீளமாகத் தெரிந்தது. யார் உள்ளே வந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அக்கா பார்ப்பாள். ஈரத்தில் வழுக்காத தரை என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

முதலில் டாக்டர் தம்பதிக்குச் செய்தி அனுப்பினேன். இன்று வசதிப்படாது, வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று. பிறகு அத்தான் தலைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தேன். மருந்து அவர் தோலில் படாமல் இருக்க இன்னொரு துண்டைச் சுற்றிலும் அணை மாதிரி சுருட்டி வைத்தேன். அதற்குப் பிறகுதான் மருந்தை ஊற்றினேன். பத்து நிமிடம் ஊற வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. ஐந்தாவது நிமிடத்தில் தேய்த்துப் பார்த்தேன், வரவில்லை. அவசரப்பட்டால் திட்டுத் திட்டாக நிற்கும்.

"என்னம்மா பண்றே?" என்று கேட்டார்.

"வழுக்குது அத்தான். துடைச்சிடறேன்."

"அக்காவுக்குப் போன் போட்டியா?"

"போட்டுட்டேன். வந்துட்டே இருக்கா."

தண்ணீர் கேட்டார். தலையில் அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று எங்கோ படித்திருந்தேன், கொடுக்கவில்லை. தேய்த்தேன், கழுவினேன். ஒரு மூலையில் இன்னும் மினுங்கியது, அதற்கு மட்டும் மறுபடி மருந்து ஊற்றினேன். என் வேலை எப்போதும் சுத்தமாக இருக்கும். மேட்டை விரித்துப் போட்டபோது அவர் பேச்சு நின்றிருந்தது, மூச்சு மட்டும் கர்கர் என்று வந்தது. பதினொன்று இருபதுக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். மூன்று நாள் இருந்தார், கண் திறக்கவில்லை. மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று பெரிய டாக்டர் சொன்னபோது, அக்கா என் கையைத்தான் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்படிடி விழுந்தார்?" என்றாள்.

"தரை ஈரமா இருந்துச்சுக்கா" என்றேன். அப்போது ஈரமாகத்தான் இருந்தது.

"பாட்டுக்காரி சோப்புத் தண்ணிய அப்படியே விட்டுட்டுப் போயிட்டாளா? நான் வீட்டுக்கு வந்தப்போ என்னமோ வாசனை வந்துச்சே."

"இருக்கும்" என்றேன்.

நான் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். நானாக அவள் பேரை எடுக்கவில்லை. மற்றதையெல்லாம் அக்கா செய்தாள், பிறகு தெரு செய்தது, பிறகு நீங்கள் செய்தீர்கள். அக்கா அவளை வேலையிலிருந்து நிறுத்தினாள். உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்தாள். வேலை செய்த மற்ற இரண்டு வீடுகளும் அவளை வர வேண்டாம் என்றுவிட்டன. ஒரே வார்த்தையில் அவள் வயிற்றில் அடித்துவிட்டேன்.

நேற்று அவள் என் வீட்டுக்கு வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசலிலேயே நின்றாள்.

"நான் சோப்புப் போடலைன்னு உங்களுக்குத் தெரியும்லம்மா. நீங்கதானே போடக் கூடாதுன்னு சொன்னீங்க. அதை மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றாள். பிறகு, "ஐயா கூப்பிட்ட மாதிரிதான் இருந்துச்சு. இறங்கி வந்தேன். கதவு சாத்தியிருந்துச்சு, உள்ள தண்ணி சத்தம் கேட்டுச்சு. குளிக்கிறார்னு திரும்பிட்டேன். கதவைத் திறந்து பார்த்திருக்கணும், பாவி நான்" என்று சொல்லி அழுதாள்.

செய்தவள் நான், அழுகிறவள் அவள். ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கம் இல்லை. பெரிய பாவம் செய்துவிட்டேன், அது எனக்குத் தெரிகிறது. விடிந்ததும் அக்காவிடம்கூடச் சொல்லாமல் நேரே இங்கே வந்துவிட்டேன்.

கதவு சாத்தியிருந்தது என்று அவள் சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. திறந்திருந்தது என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். அவள் சொன்னதுதான் உண்மை. அத்தான் கடைசியாகக் கூப்பிட்டது என்னை இல்லை, "பாட்டுக்காரி" என்று அவளைத்தான் கூப்பிட்டார். இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டார். மாடிப்படியில் அவள் இறங்கி வருகிற காலடி கேட்டது. நான் எழுந்து போய்க் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, குழாயைத் திறந்துவிட்டேன்.

இதை மட்டும் நான் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். தரை முழுக்க மருந்து ஊறிக்கொண்டிருந்தது. அவசரத்தில் ஓடிவந்து, பாவம், அவளும் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்றுதான் சாத்தினேன்.